கரண்ட்டா, கேபிளா, ஸ்விட்ச்சா? டெல்டாவில் நெட்வொர்க் ஸ்விட்ச்களைக் கண்காணித்து அலர்ட் வாங்க முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் தலைமை அலுவலகம். வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று தெற்கே நீளும் கிளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரேக், அதில் ஒன்றிரண்டு ஸ்விட்ச் (கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டி), கீழே ஒரு யு.பி.எஸ். அரிசி ஆலையோ, நகைக்கடையோ, பள்ளிக்கூடமோ, ஊர் கேபிள்காரர் நடத்தும் இன்டர்நெட்டோ, டெல்டாவில் நெட்வொர்க் என்றால் ஏறக்குறைய இந்த வடிவம்தான். எங்காவது ஒன்று நின்றுபோனால் முதலில் தெரிவது பில் போட முடியாமல் உட்கார்ந்திருக்கும் காசாளருக்கு. அடுத்து முதலாளிக்கு. கடைசியில்தான் நமக்கு. அந்த வரிசையைத் தலைகீழாக்கும் வழியைப் பார்ப்போம்.

இங்கே ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்து விளக்குகிறேன். இலவசம், திறந்த மூலம், ஸ்விட்ச்களுக்கான டெம்ப்ளேட்கள் (எதைக் கண்காணிப்பது, எப்போது அலர்ட் என்ற ஆயத்த அமைப்புகள்) கூடவே வருகின்றன. லிப்ரே என்.எம்.எஸ்., நாகியோஸ், பிராமிதியஸும் கிராஃபானாவும் என்று நீங்கள் வேறு எதை வைத்திருந்தாலும் வரம்புகளும் தர்க்கமும் அப்படியே பொருந்தும். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

பொதுவான வழிகாட்டிகள் சி.பி.யு., மெமரி, டிராஃபிக் என்று தொடங்கும். நம் பக்கம் "ஸ்விட்ச் டவுன்" என்று வருவதில் பெரும்பாலானவற்றில் ஸ்விட்ச்சின் மேல் குற்றமே இருக்காது. கரண்ட் போய் பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் மின்சாரம், அப்புறம் லிங்க், அதற்கும் அப்புறம்தான் ஸ்விட்ச்சின் உடம்பு.

படி 1: மென்பொருளுக்கு முன் ஒரு பட்டியல்

எக்செல்லோ, நோட்டோ, எதுவானாலும் சரி. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் மாடல், நிர்வாக ஐ.பி. முகவரி, ஊர், கட்டடத்தில் எந்த இடம், எந்த ஸ்விட்ச்சின் எந்த போர்ட்டிலிருந்து இதற்கு லிங்க் வருகிறது, எந்த யு.பி.எஸ்., அந்த யு.பி.எஸ். எந்த பேஸில் (மும்முனை மின்சாரத்தில் எந்த முனையில்) ஓடுகிறது என்று எழுதுங்கள். கடைசியாக ஒரு கட்டம்: அறையின் சாவி யாரிடம். ராத்திரி 11 மணிக்கு அலர்ட் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு மன்னார்குடி போய்ச் சேர்ந்த பிறகு ஷட்டர் பூட்டிக் கிடந்தால் என்ன பயன்?

அடுத்து, ஸ்விட்ச்சுக்குள்ளேயே போர்ட்களுக்குப் பெயர் கொடுங்கள். "போர்ட் 24 டவுன்" என்று அலர்ட் வந்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "நீடாமங்கலம் அப்லிங்க் டவுன்" என்று வந்தால் வாட்ச்மேனுக்கும் புரியும். ஸ்விட்ச் ஆங்கில எழுத்தை மட்டும்தான் ஏற்கும் என்றால் தங்கிலீஷில் எழுதினாலும் பரவாயில்லை. அப்லிங்க் போர்ட்கள் (முந்தைய ஸ்விட்ச்சோடு இணைக்கும் போர்ட்கள்), கேமரா பதிவுப் பெட்டி, பில்லிங் சர்வர் போன்ற முக்கியமான போர்ட்களின் பெயருக்கு முன்னால் ஒரே மாதிரியான முன்னொட்டு வையுங்கள். இதை வைத்துத்தான் பின்னால் எந்த போர்ட்டுக்கு அலர்ட், எதற்கு வேண்டாம் என்று பிரிக்கப் போகிறோம். பிரிக்காவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு அலுவலகமே கம்ப்யூட்டரை அணைக்கும்போது முப்பது "போர்ட் டவுன்" ஒன்றாக வந்து விழும்.

படி 2: ஸ்விட்ச்சில் எஸ்.என்.எம்.பி.யைத் திறப்பது

கண்காணிப்பு சர்வர் கேள்வி கேட்க, ஸ்விட்ச் பதில் சொல்ல உதவும் நெறிமுறை எஸ்.என்.எம்.பி. கேள்வி யு.டி.பி. 161-ஆம் போர்ட்டில் போகும். ஸ்விட்ச் தானாக முன்வந்து சொல்லும் ட்ராப் 162-இல் வரும்.

மூன்றாம் பதிப்பு இருக்கும் ஸ்விட்ச்சில் அதையே பயன்படுத்துங்கள். அங்கீகாரத்துக்கு எஸ்.எச்.ஏ., மறையாக்கத்துக்கு ஏ.இ.எஸ்., இரண்டும் சேர்ந்த நிலை. விலை குறைந்த ஸ்விட்ச்களில் இரண்டாம் பதிப்பு மட்டும்தான் இருக்கும். அதில் கம்யூனிட்டி என்ற கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும். அப்படியானால் மூன்று காரியம் கட்டாயம்: 'பப்ளிக்' என்ற முன்னிருப்புப் பெயரை மாற்றுங்கள், படிக்க மட்டும் அனுமதி, எழுத அனுமதியை அடைத்துவிடுங்கள், கண்காணிப்பு சர்வரின் ஐ.பி. தவிர வேறு யாரும் கேட்க முடியாதபடி அணுகல் பட்டியல் போடுங்கள். நிர்வாகத்துக்கென்று தனி வி-லேன் (அதே ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருந்தால் இன்னும் நல்லது.

கையோடு நேரத்தையும் சரிசெய்யுங்கள். என்.டி.பி. சர்வர் (சரியான நேரம் சொல்லும் சர்வர்), இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால். இது இல்லாவிட்டால் ஸ்விட்ச்சின் பதிவேட்டில் எல்லாமே 1970-லோ 1993-லோ நடந்ததாக இருக்கும். எந்த லிங்க் முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய நாளில் அது கழுத்தை அறுக்கும். சிஸ்லாக் செய்திகளையும் (ஸ்விட்ச் எழுதும் பதிவேட்டு வரிகள்) யு.டி.பி. 514 வழியாக அதே சர்வருக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

படி 3: சர்வர்

இருபது, முப்பது ஸ்விட்ச்சுக்கு 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய டெஸ்க்டாப்பே போதும். லினக்ஸ், டேட்டாபேஸ், ஜாபிக்ஸ் சர்வர், அதன் வலைப்பக்கம், அவ்வளவுதான். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைக்க மறக்காதீர்கள். இந்த சர்வரும் மைய ஸ்விட்ச்சும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும், அந்த யு.பி.எஸ். உங்களிடம் இருப்பதிலேயே நல்லதாக இருக்கட்டும். மற்றவர்கள் செத்தார்களா என்று சொல்ல வேண்டியது கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும்.

ஒரு ஸ்விட்ச்சைச் சேர்க்கும் முன், சர்வரின் கட்டளைத் திரையிலிருந்து எஸ்.என்.எம்.பி. வாக் (ஸ்விட்ச்சிடம் எல்லாத் தகவலையும் வரிசையாகக் கேட்கும் கட்டளை) ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பதில் வந்தால் மட்டும் ஜாபிக்ஸில் ஹோஸ்ட்டாகச் சேர்த்து, அந்த நிறுவனத்துக்கான டெம்ப்ளேட்டை மாட்டுங்கள். பெயர் தெரியாத மாடல் என்றால் பொதுவான நெட்வொர்க் சாதன டெம்ப்ளேட் இருக்கிறது. டெம்ப்ளேட் பெரும்பாலானவற்றைத் தானே கண்டுபிடிக்கும். இருந்தாலும் அடியில் என்ன எண் (ஒவ்வொரு தகவலுக்கும் எஸ்.என்.எம்.பி.யில் உள்ள முகவரி) ஓடுகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. அடிக்கடி தேவைப்படுபவை:

1.3.6.1.2.1.2.2.1.8 – போர்ட் இப்போது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா (1 என்றால் மேலே, 2 என்றால் கீழே)
1.3.6.1.2.1.2.2.1.14 – உள்ளே வந்த பிழைப் பாக்கெட்கள்
1.3.6.1.2.1.31.1.1.1.6, அதே வரிசையில் 10 – உள்ளே வந்த, வெளியே போன பைட்கள், 64 பிட்
1.3.6.1.2.1.31.1.1.1.15 – போர்ட்டின் வேகம், மெகாபிட்டில்
1.3.6.1.2.1.31.1.1.1.18 – நீங்கள் கொடுத்த போர்ட் பெயர்
1.3.6.1.2.1.17.2.4.0 – ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுற்று உண்டாகாமல் தடுக்கும் ஏற்பாடு) எத்தனை முறை மாறியது
1.3.6.1.2.1.33.1.2.3.0 – யு.பி.எஸ். பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும்

பைட்களை எண்ணும் கவுன்ட்டர் 64 பிட்டாக இருப்பது முக்கியம். பழைய 32 பிட் கவுன்ட்டர், ஒரு ஜிகாபிட் லிங்க் நிரம்பி ஓடினால் 34 நொடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நீங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் கிராஃபில் வருவது வெறும் கற்பனை.

படி 4: கரண்ட்டை முதலில் பிடியுங்கள்

நெட்வொர்க் கார்டு உள்ள யு.பி.எஸ். என்றால் வேலை எளிது. மேலே பட்டியலின் கடைசி எண்ணில் வந்த 33-ஆம் கிளையில் எல்லாம் இருக்கிறது: எத்தனை நொடியாக பேட்டரியில் ஓடுகிறது, எவ்வளவு மீதி, உள்ளே வரும் வோல்டேஜ் எவ்வளவு. ஆனால் கிளை அலுவலகங்களில் இருப்பது பெரும்பாலும் ஆயிரத்து சொச்சம் வி.ஏ. பெட்டியோ, வீட்டு இன்வெர்ட்டரோதான். அவற்றுக்கு வாய் கிடையாது.

அதற்கு ஒரு வழி உண்டு. பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றை எடுங்கள். அதை யு.பி.எஸ்.ஸில் மாட்டாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டி, லேன் கேபிளால் ஸ்விட்ச்சில் இணையுங்கள். டி.எச்.சி.பி. (தானாக ஐ.பி. கொடுக்கும் வேலை), வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு நிலையான ஐ.பி. கொடுங்கள். இனி அது ரவுட்டர் வேலை பார்க்காது. பிங் செய்தால் ("இருக்கிறாயா" என்று கேட்டால்) பதில் சொல்வது மட்டும்தான் அதன் உத்தியோகம். ஸ்விட்ச் பதில் சொல்கிறது, ரவுட்டர் சொல்லவில்லை என்றால் கரண்ட் போய்விட்டது, பேட்டரியில் ஓடுகிறது என்று பொருள். பத்துப் பைசா செலவில்லாமல் மின்தடை அலர்ட் கிடைத்துவிட்டது.

இதில் இரண்டு நுணுக்கம். ஒன்று, அந்த பிளக் யு.பி.எஸ். இருக்கும் அதே பேஸில் இருக்க வேண்டும். மும்முனை இணைப்புள்ள ஆலைகளில் ஒரு பேஸ் மட்டும் போவது சகஜம். ரவுட்டர் வேறு பேஸில் இருந்தால் தப்பான சாட்சி சொல்லும். மோட்டார் ஓடும் வரிசையிலும் மாட்ட வேண்டாம். இரண்டு, லோ வோல்டேஜை இது காட்டாது. ரவுட்டரின் அடாப்டர் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எதிலும் ஓடும். 230 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் யு.பி.எஸ். பேட்டரிக்குத் தாவிவிடும், ரவுட்டரோ ஒன்றும் நடக்காததுபோல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ராத்திரியில் வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால் அங்கே மட்டுமாவது கார்டு வைத்த யு.பி.எஸ். வாங்கச் சொல்லுங்கள்.

இப்போது வரம்புகள். கரண்ட் போனதும் அலர்ட் வேண்டாம், பதிவாகட்டும், போதும். பத்து நிமிடம் தாண்டினால் 'எச்சரிக்கை' நிலையில் கிளைக்காரருக்கு ஒரு செய்தி. பேட்டரியின் வழக்கமான தாங்கும் நேரத்தில் பாதி கழிந்ததும் 'உயர்' நிலை, உங்களுக்கும். அந்தப் பாதி எவ்வளவு என்று கேட்டால், அதையும் இந்த ரவுட்டரே சொல்லும். ரவுட்டர் விழுந்த நேரத்துக்கும் ஸ்விட்ச் விழுந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பேட்டரியின் ஆயுள். சித்திரையில் ஐம்பது நிமிடம் தாங்கியது ஐப்பசியில் இருபதுக்கு வந்துவிட்டது என்றால், பேட்டரியை மாற்றச் சொல்ல முதலாளியிடம் காட்ட இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

படி 5: இரண்டு வாரம் சும்மா பாருங்கள்

அலர்ட் எதையும் இயக்காமல் இரண்டு வாரமாவது தரவு சேரட்டும். டெம்ப்ளேட்டோடு வரும் எண்கள் எங்கோ யாருக்கோ ஒரு சராசரியாக வைத்தவை. நெல் கொள்முதல் நேரத்தில் ஒரு ஆலையின் நெட்வொர்க் ஓடும் ஓட்டம் வேறு, ஆடியில் இருக்கும் ஓட்டம் வேறு. முடிந்தால் ஒரு பரபரப்பான வாரத்தையும் ஒரு சாதாரண வாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரம்பு வைக்கலாம்.

படி 6: வரம்புகள்

டிராஃபிக்கில் தொடங்குவோம், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டெம்ப்ளேட் போர்ட்டின் வேகத்தில் 90 சதவீதம் என்று பார்க்கும். உங்கள் லீஸ்டு லைன் (தனி வாடகை இணைப்பு) 50 மெகாபிட். ஆனால் அது வந்து மாட்டியிருப்பது ஒரு ஜிகாபிட் போர்ட். லைன் முழுக்க நிரம்பி பில்லிங் திணறினாலும் ஜாபிக்ஸ் கணக்கில் அது வெறும் 5 சதவீதம். அலர்ட் ஒருநாளும் வராது. இப்படிப்பட்ட போர்ட்களுக்குச் சதவீதத்தை விட்டுவிட்டு நேரடி எண் வையுங்கள்: 15 நிமிடச் சராசரி 42 மெகாபிட்டைத் தாண்டினால் அலர்ட், 35-க்குக் கீழே இறங்கினால்தான் தீர்ந்தது என்று அறிவிப்பு. ஏற ஒரு எண், இறங்க ஒரு எண். இரண்டும் ஒன்றாக இருந்தால் 42-ஐச் சுற்றி டிராஃபிக் ஆடும்போதெல்லாம் அலர்ட்டும் ஆடும். ஜாபிக்ஸில் இதற்கு மீட்புச் சூத்திரம் என்று தனி இடம் இருக்கிறது.

பிழைகள் வேறு ஜாதி. ஆரோக்கியமான லிங்க்கில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாகவோ பூஜ்யத்துக்கு அருகிலோ இருக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அது ஸ்விட்ச் தொடங்கியதிலிருந்து சேர்ந்தது. மாறும் வேகத்தைப் பாருங்கள். டெம்ப்ளேட்டின் நொடிக்கு 2 பிழை என்ற வரம்பு அப்லிங்க்குக்கு மிகவும் தாராளம். 15 நிமிடத்தில் 30 பிழை என்று நான் வைப்பேன். பிழையும் டிஸ்கார்டும் ஒன்றல்ல. பிழை என்றால் கம்பி, கனெக்டர், எஸ்.எஃப்.பி. (ஃபைபரை ஸ்விட்ச்சோடு இணைக்கும் மாட்யூல்) சரியில்லை. டிஸ்கார்டு என்றால் இடம் போதாமல் ஸ்விட்ச்சே கீழே போட்டது. முதலாவதற்கு கிரிம்பிங் கருவியோடு ஆள் போக வேண்டும், இரண்டாவதற்கு லைனைப் பெரிதாக்க வேண்டும்.

வேகம் இறங்குவதற்கும் ஒரு அலர்ட் வையுங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஆர்.ஜே.45 ஊசிகள் பச்சை பூத்து, 100-க்குத் தேவையில்லாத இரண்டு ஜோடியில் ஒன்று தொடர்பு விட்டுப்போனால் பெரும்பாலும் லிங்க் விழுந்து கிடக்காது. சத்தமில்லாமல் 1000-லிருந்து 100-க்கு இறங்கி ஓடும். விளக்கு எரியும், பிங் போகும், "நெட் ஸ்லோவா இருக்கு சார்" என்று மட்டும் போன் வரும். முந்தைய வேகத்தைவிட இப்போதைய வேகம் குறைந்தால் அலர்ட் என்ற ட்ரிகர் (அலர்ட்டைக் கிளப்பும் விதி) டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது. முக்கிய போர்ட்களுக்கு அதை எடுத்துவிடாதீர்கள்.

ஃபைபர் லிங்க் என்றால் எஸ்.எஃப்.பி. பெறும் ஒளியின் அளவு டி.பி.எம். அலகில் கிடைக்கும், மாட்யூல் அதை ஆதரித்தால். 10 கிலோமீட்டர் வகை ஜிகாபிட் எல்.எக்ஸ். மாட்யூலுக்கு மைனஸ் 19 வரை தாங்கும் என்பது வழக்கமான அளவு. 10 ஜி எல்.ஆர். என்றால் மைனஸ் 14.4. மைனஸ் 40 என்று காட்டினால் ஒளியே இல்லை. இந்த எல்லையை நெருங்கும்வரை காத்திருக்கக் கூடாது. லிங்க் நன்றாக இருந்த நாளின் அளவை எழுதிவைத்துக்கொண்டு, அதிலிருந்து 2 டி.பி. இறங்கினால் எச்சரிக்கை, 3 இறங்கினால் உயர்நிலை என்று வையுங்கள். 3 டி.பி. என்றால் ஒளியில் பாதி போய்விட்டது.

நம் ஊரில் இந்த ஒரு வரம்பு கொடுக்கும் பலன் கொஞ்சநஞ்சமல்ல. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளை, தை மாசியில் வைக்கோல் கட்டு ஏற்றி உயரமாக வரும் லாரி இழுத்துவிட்டுப் போகும். சில நேரம் அறும், சில நேரம் மடங்கி மட்டும் நிற்கும். அறுந்தால் தெரியும். மடங்கினால் ஒளி 2, 3 டி.பி. குறைந்து, பகல் வெயிலில் ஒருவிதமும் ராத்திரிக் குளிரில் ஒருவிதமும் காட்டிக்கொண்டு, நாலு நாள் கழித்து மழையில் செத்துப்போகும். அந்த நாலு நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். ஜாயிண்ட் போட்டுவிட்டுப் போகும் ஆள் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே அளவைப் பாருங்கள். நல்ல ஃப்யூஷன் ஸ்ப்ளைஸில் (ஃபைபரை உருக்கி ஒட்டும் ஜாயிண்ட்) இழப்பு 0.1 டி.பி.யைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். வெட்டுக்கு முன் மைனஸ் 9, இப்போது மைனஸ் 12.5 என்றால், "அண்ணே, இன்னொரு தடவை போட்டுடுங்க" என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

கேமராக்களுக்கு லேன் கேபிளிலேயே மின்சாரம் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச் இருந்தால் அதன் மொத்தத் திறனில் 80 சதவீதத்துக்கு ஒரு அலர்ட். பகலில் அளந்து பார்த்து "நிறைய இருக்கிறதே" என்று இருந்துவிடாதீர்கள். இருட்டியதும் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எரியும், இழுக்கும் வாட் ஏறும். திறன் போதாவிட்டால் ஸ்விட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டை அணைத்துவிடும். களத்து மேட்டுக் கேமரா பகலெல்லாம் வேலை செய்து ராத்திரியில் மட்டும் காணாமல் போகிறது என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். வெப்பத்துக்கு, நீங்கள் பார்த்த உச்சத்துக்கு மேல் 8 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆலைக்குள் இருக்கும் ஸ்விட்ச்சில் உமித்தூசி விசிறியை அடைத்துவிடும், ஆகவே விசிறி நிலைக்கும் ஒரு அலர்ட். சி.பி.யு., மெமரி இரண்டையும் டெம்ப்ளேட்டில் உள்ளபடியே விட்டுவிடுங்கள், சிறிய நெட்வொர்க்கில் அவை தனியாகப் பிரச்சினை செய்வது அபூர்வம்.

லூப்பை மட்டும் விடக்கூடாது. பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் யாராவது ஒரே கேபிளின் இரு முனையையும் சுவரிலிருக்கும் இரண்டு சாக்கெட்டில் குத்திவிட்டால் பிராட்காஸ்ட் வெள்ளம் மொத்த நெட்வொர்க்கையும் மூழ்கடிக்கும். ஸ்விட்ச்சில் ஸ்டார்ம் கன்ட்ரோலை (இந்த வெள்ளத்துக்கு அணை போடும் வசதி) இயக்குங்கள். ஸ்பானிங் ட்ரீ மாற்றம் பத்து நிமிடத்தில் 5-க்கு மேல் போனால் அலர்ட்.

ஸ்விட்ச் மறுதொடக்கம் ஆனதைச் சொல்லும் அலர்ட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கமான அப்டைம் கவுன்ட்டர் 497 நாளில் சுற்றி பூஜ்யமாகும், அப்போது ஸ்விட்ச் புதிதாகத் தொடங்கியதுபோல் பொய் அலர்ட் வரும். 497 நாள் ஒரு ஸ்விட்ச் அணையாமல் ஓடியது என்றால், அலர்ட்டை விட்டுவிட்டு அந்தக் கிளையில் யு.பி.எஸ். வாங்கியவரைப் பாராட்டுங்கள்.

படி 7: ஒன்று விழுந்தால் ஒரு அலர்ட்

நீடாமங்கலம் லிங்க் அறுந்தால் அதற்குத் தெற்கே மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் எல்லாமே இருட்டு. தனித்தனியே நாற்பது அலர்ட் வந்தால் யாரும் முதலாவதைத் தேடிப் படிக்க மாட்டார்கள். முதல் படியில் எழுதிய "லிங்க் எங்கிருந்து வருகிறது" என்ற கட்டத்தை இப்போது எடுங்கள். ஒவ்வொரு ஸ்விட்ச்சின் "பதில் இல்லை" ட்ரிகரையும் அதற்கு முந்தைய ஸ்விட்ச்சின் ட்ரிகரைச் சார்ந்ததாக வையுங்கள். ஜாபிக்ஸில் இதற்கு டிபெண்டன்சி என்று ஒரு தாவல் உண்டு.

அதோடு நேர இடைவெளியும் வேண்டும். தாய் ட்ரிகர் இயங்குவதற்கு முன்பே பிள்ளை ட்ரிகர் இயங்கிவிட்டால் சார்பு வேலைக்கு ஆகாது. பிங் நிமிடத்துக்கு ஒருமுறை போகட்டும்; மைய ஸ்விட்ச்சுக்கு இரண்டு முறை தொடர்ந்து பதில் இல்லாவிட்டால் அலர்ட், அடுத்த வரிசைக்கு நான்கு, கடைசி வரிசைக்கு ஆறு. நான்கு நிமிடம் தாமதமாகத் தெரிவதால் குடிமுழுகிப் போகாது.

மின்தடைக்கும் இதேதான். சுவர் பிளக்கில் இருக்கும் ரவுட்டர் முதலில் விழுந்து, சற்று நேரம் கழித்து ஸ்விட்ச் விழுந்தால் அது பேட்டரி தீர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் பெரும்பாலும் கேபிள். அப்படி இரண்டும் விழுந்தும், ஸ்விட்ச்சுக்கு அந்தப் பக்கம் வேறு வழியில் எட்டக்கூடிய சாதனம் பதில் சொன்னால் ஸ்விட்ச். மூன்றுக்கும் தனித்தனி ட்ரிகர் எழுதி, தனித்தனிப் பெயர் வையுங்கள். அலர்ட்டைப் படித்தவுடனே ஈ.பி. ஆபீஸுக்குப் போன் செய்வதா, ஸ்ப்ளைஸிங் ஆளைக் கூப்பிடுவதா, மாற்று ஸ்விட்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவதா என்று தெரிந்துவிட வேண்டும்.

படி 8: அலர்ட் கைக்கு வந்து சேரும் வழி

டெலிகிராம் எளிது, செலவில்லை. டெலிகிராமின் பாட்ஃபாதர் கணக்கிடம் ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) உருவாக்கி டோக்கன் வாங்குங்கள், ஒரு குழு தொடங்கி அந்த பாட்டைச் சேருங்கள், குழுவின் எண்ணை எடுங்கள் (குழு என்றால் எண்ணுக்கு முன் மைனஸ் குறி இருக்கும், அதையும் சேர்த்துப் போட வேண்டும்). ஜாபிக்ஸில் டெலிகிராம் மீடியா ஏற்கெனவே இருக்கிறது, இரண்டையும் நிரப்பினால் போதும்.

ஆனால் இன்டர்நெட்டே அறுந்தால் "இன்டர்நெட் அறுந்தது" என்ற செய்தி எப்படி வெளியே போகும்? இரண்டு வழி. ஒன்று, சிம் போட்ட ஜி.எஸ்.எம். மோடத்தை சர்வரில் மாட்டி எஸ்.எம்.எஸ். அனுப்புவது. ஜாபிக்ஸ் இதை நேரடியாகவே ஆதரிக்கிறது. பல்க் எஸ்.எம்.எஸ். சேவை வேண்டுமென்றால் டி.எல்.டி. தளத்தில் (வணிக எஸ்.எம்.எஸ்.களுக்கான பதிவுத் தளம்) பெயரையும் செய்தி வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும், அதற்கு நேரமெடுக்கும். இரண்டாவது வழி, வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய கிளவுட் சர்வர். உங்கள் ஜாபிக்ஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு "இருக்கிறேன்" என்று சொல்லட்டும். பதினைந்து நிமிடம் குரல் வராவிட்டால் அது உங்களுக்குச் செய்தி அனுப்பட்டும். ஜாபிக்ஸ் சர்வரே படுத்துவிட்டாலும் இது காட்டிக்கொடுக்கும். முடிந்தால் இரண்டையும் வையுங்கள்.

செய்தியின் வாசகத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். ஜாபிக்ஸும் டெலிகிராமும் யுனிகோடை ஏற்கும். உதாரணமாக: "வலங்கைமான் ஆலை: கரண்ட் போய் 12 நிமிடம். பேட்டரியில் ஓடுகிறது, சுமார் 35 நிமிடம் தாங்கும். ஜெனரேட்டர் போடச் சொல்லவும். சாவி: இரவுக் காவலர்." என்ன, எங்கே, எப்போதிருந்து, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கிறது. இப்படி ஒரு வாசகத்தை எழுத முடியாத அலர்ட், அதாவது வந்தால் என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியாத அலர்ட் என்றால், அதை டாஷ்போர்டில் மட்டும் விடுங்கள். போனுக்கு வர வேண்டாம்.

பிறகு படிநிலை. முதல் செய்தி கிளைக்காரருக்கும் அன்றைய பொறுப்பாளருக்கும். 20 நிமிடத்துக்குள் யாரும் "பார்த்தேன்" என்று ஜாபிக்ஸில் குறிக்காவிட்டால் அடுத்தவருக்கு. ஒரு மணி நேரம் தாண்டினால் மேலாளருக்கு. எச்சரிக்கை நிலை அலர்ட்கள் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை போனுக்கு வரவே கூடாது. உயர்நிலையும் பேரிடர் நிலையும் மட்டும் எழுப்பட்டும்.

படி 9: தெரிந்தே வரும் மின்தடைகள், தெரியாமல் வரும் புயல்கள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலையத்தில் பகல் முழுக்க நிறுத்துவதை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். செய்தித்தாளில் பார்த்ததும் அந்தக் கிளைகளை ஜாபிக்ஸின் பராமரிப்பு நேரத்தில் போட்டுவிடுங்கள், தரவு சேர்வது தொடரட்டும். முடிவு நேரத்தை அறிவிப்பில் உள்ளதைவிட ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை வேறு கதை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அப்படி ஒரு நாளில் "கரண்ட் போனது" என்ற அலர்ட்டால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் இயக்கும்படி ஒரு தனி ஏற்பாட்டை முன்பே செய்துவையுங்கள்: பேரிடர் நிலை தவிர மற்ற எல்லா அறிவிப்பும் நிறுத்தம்; பதிலாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தெந்தக் கிளை உயிரோடு இருக்கிறது என்று ஒரே ஒரு பட்டியல். புயலுக்கு முந்தைய மாலை எல்லா ஸ்விட்ச்சின் அமைப்புக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மாற்று ஸ்விட்ச் வைக்க நேர்ந்தால் ஒவ்வொரு போர்ட்டையும் நினைவிலிருந்து அமைக்க வேண்டியிருக்காது.

படி 10: இழுத்துப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளையில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினால் பத்து நிமிடம் கழித்து மின்தடைச் செய்தி வர வேண்டும், ஸ்விட்ச் பற்றி ஒன்றும் வரக்கூடாது. அப்லிங்க் ஃபைபரைக் கழற்றினால் ஒரே ஒரு அலர்ட், கேபிள் என்ற பெயரோடு. கழற்றிய முனையைச் சுத்தம் செய்யாமல் திரும்ப மாட்டினால் ஒளி அளவு இறங்கியதாகவும் ஒன்று வரலாம், வந்தால் நல்லதுதான். கடைசியாக ஜாபிக்ஸ் சர்வரையே அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போங்கள். பதினைந்து நிமிடத்தில் வெளியிலிருந்து செய்தி வரவில்லை என்றால் எட்டாம் படியை மறுபடி பாருங்கள்.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் ஒலித்த பத்து அலர்ட்களின் அறிக்கையை எடுங்கள். ஜாபிக்ஸில் அது தயாராகவே இருக்கும். முதலிடத்தில் இருப்பதற்கு யாராவது எழுந்து போய் ஏதாவது செய்தார்களா என்று குழுவில் கேளுங்கள். இல்லையென்றால் வரம்பை உயர்த்துங்கள், அல்லது அந்த அலர்ட்டை எடுத்துவிடுங்கள்.